கையொடிந்த பக்கம்

மதினி,

இன்று காலை ரொட்டியைக் கடித்தபோது என் பொய்ப்பல் இரண்டாகப் பிளந்துவிட்டது. பாதி ரொட்டியில், பாதி நாக்கில். பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்க்கிறேன், மேல்வரிசையின் நடுவில் பெரிய ஓட்டை. நீ இருந்திருந்தால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏய் பொக்கவாயி, கதவு தெறந்து கெடக்கு, சாத்துடி" என்று லயத்து வீடு அத்தனைக்கும் கேட்கிற மாதிரி சிரித்திருப்பாய். உடைத்ததும் நீ, சிரிப்பதும் நீ. கொஞ்சமாவது வெட்கம் இருந்ததா உனக்கு?

இந்த வாயோடு போய் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்த முடியாது. லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததும் உன் நினைப்புத்தான்.

உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. உன்னை எடுத்த அன்றைக்கு, பெட்டியை மூடுவதற்கு முன்னால், அண்ணன் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அன்னைக்கி நீ அந்தப் பக்கம் அடிக்காம இருந்திருந்தா இவ கொழுந்தெடுக்க மலைக்கிப் போயிருக்க மாட்டா. குளவி கொட்டியிருக்காது. இன்னைக்கி இவ டீச்சரா இருந்திருப்பா." வந்திருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பதில் இருந்தது. நீ வீங்கிக் கிடந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்க முடியவில்லை. கருமாதி முடிந்தும் அவன் என்னோடு பேசவில்லை. அவன் வீடு லயத்தில் எனக்கு அடுத்த காம்பராதான். அவன் இருமுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்கிறது.

உன் கையை அடித்து முறித்தவன் அவன். குற்றம் சொல்கிறவனும் அவன்! எனக்கு வயிறு எரிகிறது, மதினி. அதனால் நடந்ததை ஒருதரம் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்காவது கூட்டிக் குறைத்துச் சொன்னால் கனவில் வந்து திட்டு.

நம் இருவருக்கும் அப்போது பதினாறு வயது. மாகாணப் பாடசாலைகளின் உதைபந்தாட்டம். லீக் ஆட்டங்கள் முடிந்து, தேறிய அணிகள் நொக்அவுட்டில் மோதி, கடைசியில் மிஞ்சியது உன் டவுன் கல்லூரியும், லுணுகலைப் பக்கத்து எங்கள் தோட்டத்து வித்தியாலயமும். ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம், அதிலும் பெண் பிள்ளைகள், மாகாண இறுதி ஆட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பதுளை மைதானத்தில் ஆட்டம். தோட்டமே லொறி பிடித்துக் கிளம்பியது.

ஜெயிக்கிற அணி கொழும்புக்கு, அகில இலங்கைப் போட்டிக்குப் போகும். அந்தப் பெருமையெல்லாம் பெரியவர்களுக்கு. எனக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டில். பதுளையில் தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதி இருந்ததே, ஜெயிக்கிற அணியில் ஆடும் பிள்ளைகளுக்கு அங்கே தங்கி உயர்தரம் படிக்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பு சாதாரண தரத்தோடு, பதினோராம் வகுப்போடு சரி. அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "செயிச்சா போய்ப் படி. தோத்தா தோட்டத்துல பேர் பதிஞ்சு கொழுந்துக் கூடையத் தூக்கு. சும்மா ஒக்கார வச்சி சோறு போட என்னால ஏலாது."

உனக்கும் அந்தக் கட்டில்தான் வேண்டியிருந்தது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை நீ. டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, அந்த வீட்டுச் சோற்றைத் தின்று கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாய். பரீட்சை முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் மாற்றலாகிப் போகிறார்கள். விடுதி கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் நீயும் மலைக்குத்தான் போகவேண்டும். எனக்கு இது எதுவும் தெரியாது. டவுன்காரி, கொழுப்பெடுத்தவள் என்று நினைத்துக்கொண்டுதான் மைதானத்தில் இறங்கினேன்.

அது ஆட்டமா? முதல் விசிலிலிருந்தே சண்டை. மழை பெய்து சேறாய்க் கிடந்த தரையில் உங்கள் பின்வரிசைக்காரி என் சடையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, எழுந்திருக்கும்போது கைமேல் ஏறி மிதித்தாள். நான் அவள் விலாவில் முழங்கையை விட்டேன். எங்கள் நெட்டைச்சி கோர்னர் உதைக்குத் தலையைக் கொடுக்கப்போக, கோல்கீப்பரான நீ பந்தைக் குத்துவதாகச் சொல்லி அவள் காதில் குத்தினாய். காதிலிருந்து ரத்தம் வந்தது. அவள் துடைத்துவிட்டு அடுத்த பந்துக்கே உன் வயிற்றில் முட்டினாள். மத்தியஸ்தர் விசில் ஊதி ஊதிக் கன்னம் வீங்கிப்போனார். நீ கோலுக்குள் நின்றுகொண்டு உன் பிள்ளைகளைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அம்மாடி! "ஏய் நாயே, கால வுடுறி! அவள வுடாத, கால ஒடி!" டவுன்காரிக்கு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதே ஒரு யோசனை. தோட்டத்து வாயல்லவா அது.

முதல் கோல் உங்களுடையது. இரண்டாம் பாதியில் நாங்கள் திருப்பி ஒன்று போட்டோம். போட்டதும் எங்கள் தப்பு மேளம் அதிர்ந்தது.

தப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் தோட்டத்தில் சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. தூரத்தில் கேட்டாலே எதற்கு அடிக்கிறார்கள் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சாவு அடி கேட்டால் கொழுந்தெடுக்கிறவர்கள் கூடையை இறக்கிவிட்டு யார் என்று கேட்டுக்கொண்டே இறங்கிவிடுவார்கள். ஆனால் தோட்டத்துக்குள்ளேயே டிவிஷனுக்கு டிவிஷன் பந்து விளையாடும்போது ஒரு குறும்பு உண்டு. எதிராளிக்குக் கோல் விழுந்தால் அவர்கள் பக்கம் திரும்பி நின்று சாவு அடி அடிப்பார்கள். ஒங்க டீம் செத்துப்போச்சு, வந்து தூக்கிட்டுப் போங்க என்று அர்த்தம். அடி வாங்கினவர்களும் சிரித்துக்கொண்டே வைவார்கள். அந்தக் குறும்பைத்தான் எங்கள் தப்புக்கார மாமா பதுளைக்கும் கொண்டுவந்திருந்தார். உங்கள் ஆட்களில் பாதிப் பேர் அது சாவு அடி என்று தெரியாமல் அதற்கே ஆடினார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். நடுவிலிருந்து ஒரு பந்து உங்கள் பின்வரிசைத் தலைக்கு மேலே வந்து விழுந்தது. எனக்கும் கோலுக்கும் நடுவில் நீ மட்டும். வேறு கீப்பர் என்றால் கோட்டிலேயே நின்றிருப்பாள். நீ ஓடி வந்தாய். பந்தை நான் தட்டிவிட்டேன், பந்து போய்விட்டது, நீ நிற்கவில்லை. உன் முழங்கால் என் வாயில் ஏறியது.

வானம் தெரிந்தது. விசில் கேட்டது. வாய்க்குள் சூடாக ஏதோ நிறைந்தது. பிறகு உன் விரல்கள் என் தொண்டைவரைக்கும் வந்தன. "முழுங்கிராதடி, பல்லு, பல்லு! துப்பு! தாயி, துப்புடி!" என்று கத்திக்கொண்டு என் தலையை மடியில் வைத்து வாய்க்குள் கையைவிட்டுத் தோண்டினாய். பல்லை எடுத்தும்விட்டாய். உன் இரண்டு கையிலும் முழங்கைவரை என் ரத்தம்.

மத்தியஸ்தர் தண்ட உதை என்று புள்ளியைக் காட்டியதும் தப்புக்கார மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெனால்டி என்றால் கோல் விழுந்த மாதிரிதானே! உங்கள் பக்கம் திரும்பி நின்று சாவு அடியை ஓங்கி அடித்தார்.

அந்த நேரம் பார்த்தா இரண்டாவது லொறி வந்து சேரவேண்டும்? பசறை வளைவில் நின்றுபோன லொறி. அதில் என் அம்மா, லயத்துப் பெண்கள், என் அண்ணன். ரோட்டில் இறங்கும்போதே அவர்கள் காதில் விழுந்தது சாவு அடி. மேட்டில் ஏறிப் பார்த்தால் சேற்றில் நான் கிடக்கிறேன், முகம் முழுக்க ரத்தம், என்மேல் குனிந்து ஒருத்தி வாய்க்குள் கையை விட்டிருக்கிறாள். அம்மா, "ஐயோ எம்புள்ள போயிட்டாளே!" என்று அலறியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. டிவிஷன் ஆட்டங்களில் நூறு தடவை அந்தக் குறும்பைப் பார்த்துச் சிரித்தவன்தான் அண்ணன். ரத்தத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. "எவடி என் தங்கச்சியக் கொன்னவ?" கொடி கட்டியிருந்த மூங்கில் கம்பைப் பிடுங்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டினான்.

நீ ஓடியிருக்கலாம். உன் டீமே ஓடியது. என் தலையைக் கீழே போட்டுவிட்டு ஓட உனக்கு மனசு வரவில்லை. முதல் அடி உன் முதுகில். இரண்டாவது அடி என் முகத்துக்கு நேராக வந்தது என்று நீ சொல்வாய். அண்ணன் இல்லவே இல்லை என்பான். எனக்குத் தெரிந்தது, நீ இடது கையைத் தூக்கிக் குறுக்கே கொடுத்தாய். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம் கேட்டது. உன் மடியில் கிடந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

அதற்குப் பிறகு மைதானமே எழுந்து வந்துவிட்டது. டவுன் பையன்கள் கல்லெடுத்தார்கள். எங்கள் பெண்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியால் விளாசினார்கள். ஒரு கிழவனார் வெற்றிலைப் பையைச் சுழற்றி யாரையோ அடித்துவிட்டு, பை கிழிந்து பாக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நெட்டைச்சி ஒரு பையன் தோளைக் கடித்துத் தொங்கினாள். தப்பைக் காலால் உதைத்துக் கிழித்தார்கள். மாமா கிழிந்த தப்பின் சட்டத்தாலேயே அடித்தார். பொலிஸ்காரர்கள் இரண்டு பக்கமும் பார்க்காமல் பிரம்பை வீசினார்கள். அண்ணன் மூன்றாம் தடவை கம்பை ஓங்கினான்.

நான் எழுந்து நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியாது. பேச வாய் வரவில்லை. வாயில் இருந்த ரத்தத்தையெல்லாம் சேர்த்து அண்ணன் முகத்தில் துப்பினேன். பிறகு பளாரென்று ஒன்று வைத்தேன். கம்பு அவன் கையிலிருந்து விழுந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், மயங்கிச் சரிந்தாள். "புள்ள சாவல! புள்ள நிக்கிது பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள். செத்தவளே எழுந்து நிற்கும்போது யாருக்காகச் சண்டை போடுவது? ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள்.

பொலிஸ் கூட்டத்தைக் கயிற்றுக்கு வெளியே தள்ளியது. மத்தியஸ்தர் அணித்தலைவிகளான நம் இருவரையும் அழைத்தார். சட்டைப் பை கிழிந்து தொங்க, அவர் சொன்னது எனக்கு இன்னும் பாடம்: "நீங்க ரெண்டு பேரும் சரின்னா பாக்கி ஆட்டம் நடக்கும். இல்லாட்டி ஆட்டம் ரத்து. மூணாம் எடத்து ஸ்கூலை அனுப்புவாங்க." ரத்து என்றால் எனக்கும் கட்டில் இல்லை, உனக்கும் இல்லை. நான் தலையை ஆட்டினேன். "ஒன் கைக்கு என்ன?" என்று உன்னைக் கேட்டார். நீ சட்டைக்கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சுளுக்கு சேர்" என்றாய். முகம் சாம்பலாகப் போயிருந்தது. உனக்கு ஒரு மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு பந்தைப் புள்ளியில் வைத்தார்.

என்னைத்தான் அடிக்கச் சொன்னார்கள். பந்தைத் திருப்பி வைக்கிற சாக்கில் நீ கிட்டே வந்தாய். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு எழுத்து விடாமல் இருக்கிறது.

"கை ஒடஞ்சிருச்சு, நான் கேட்டேன். சேர்கிட்டச் சொல்லிர்றேன்" என்றேன். பல் போன வாயில் காற்றும் ரத்தமும்தான் வந்தன.

"சொன்னீன்னா கொன்னுருவேன். எங்களுக்கு வேற கீப்பர் இல்ல. இருந்தவ பயந்து பஸ் ஏறிட்டா. தோத்தா நான் மலைக்கிப் போவணும்."

"நானுந்தான்."

நீ ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தாய். தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துப் பிள்ளையை அடையாளம் கண்டுகொண்ட பார்வை அது. அப்புறம் சிரித்தாயே ஒரு சிரிப்பு, பாவி!

"அப்ப ஒழுங்காக் கேட்டுக்க. ஒடஞ்சது இந்தக் கை. பாவம் பாத்து அந்தப் பக்கம் அடிக்கலாம்னு நெனைக்காத. அங்க அடிச்சீன்னா நான் புடிச்சிருவேன். புடிச்சப்பறம் நீ அழுதீன்னா எல்லார் முன்னாலயும் சிரிப்பேன்."

சொல்லிவிட்டு கோட்டுக்குப் போய் நின்றாய். வலது கையை விரித்தாய். இடது கை தொங்கியது.

உன் இடது கைப் பக்கம் என்பது எனக்கு வலது பக்கம். வலக்காலால் அடிக்கிறவளுக்கு அது வாட்டமான பக்கமும் இல்லை. எப்போதும் நான் மறுபக்கம்தான் அடிப்பேன். இதெல்லாம் அந்த நேரத்தில் யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. உன் கண்ணைப் பார்த்தேன். இவள் பிடிக்கத்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது. நான் ஓடிவந்து, ஒடிந்த கைப் பக்கமே, இருந்த பலத்தையெல்லாம் வைத்து உதைத்தேன்.

நீ அந்தப் பக்கமே பாய்ந்தாய். ஒடிந்த கையை நீட்டிக்கொண்டு பாய்ந்தாய், மதினி! அதன்மேலேயே விழுந்தாய். நீ போட்ட சத்தத்தில் பந்து வலையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரும் கை தட்டவில்லை. உங்கள் சேர் ஓடிவந்து சட்டைக்கையைத் தூக்கினார், உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வாந்தி எடுத்தான்.

ஜெயித்தோம். பதுளை ஆஸ்பத்திரியில் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டார்கள். முகம் முழுக்கக் கட்டோடு நான் கிடக்க, நீ கையைத் தூக்கிக் கட்டிய கோலத்தில் என் பக்கம் திரும்பி, "ரெண்டு பேருக்குமே கட்டில் கெடச்சிருச்சு பாத்தியா" என்றாய். சிரித்தால் தையல் பிரியும் என்று நர்ஸ் திட்டினாள். நான் சிரித்தேன், பிரிந்தது.

விடுதிக் கட்டில் எனக்கு. பேர் பதிந்து கூடை தூக்கியது நீ.

அண்ணன் மன்னிப்புக் கேட்க அம்மாவோடு ஹல்துமுல்லைக்கு பஸ் ஏறினான். உன் லயத்து வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். நீ வந்து, மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே அவன் மண்டையில் நச்சென்று ஒரு போடு போட்டாய். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "இப்பச் சரியாப் போச்சு. டீ குடிக்கிறியா?" என்று கேட்டாயாம். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் அவன் அம்மா இல்லாமலே போக ஆரம்பித்தான். விடுதியிலிருந்து ஒரு லீவுக்கு நான் வந்தபோது நீ எங்கள் காம்பராவில் மதினியாக நின்றுகொண்டிருந்தாய். முழங்காலில் இருந்த என் பல் தழும்பைக் காட்டி, "ஒன் சீதனம்" என்றாய்.

உன் கை சரியாகக் கூடவே இல்லை. முழங்கையில் கோணிக்கொண்டு நின்றது. கொழுந்தைப் பறித்துத் தோளுக்கு மேலே கூடையில் எறிகிறபோது கை பக்கவாட்டில் சுழன்று போகும். கங்காணி கேலி செய்தால் அவன் பரம்பரையையே இழுப்பாய். நீயும் நானும் சண்டை போடாத நாள் உண்டா? தண்ணீர்க் குடத்துக்கு, வாளிக்கு, அம்மாவுக்கு யார் மருந்து கொடுப்பது என்பதற்கு. ஒருதரம் அகப்பையால் அடித்தாய். நான் சோற்றுச் சட்டியை வாசலில் விட்டெறிந்தேன். அண்ணன் நடுவில் வந்தால் இருவரும் சேர்ந்துகொண்டு அவனை விரட்டுவோம்.

குளவி கொட்டிய அந்தக் காலையைப் பற்றி மலையில் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாருடைய கத்தியோ, என்னவோ, கூட்டில் பட்டுவிட்டது. "குளவி! படுங்க! படுங்க!" என்று கங்காணி கத்தினார். எல்லாரும் செய்கிறதைத்தான் நீயும் முதலில் செய்தாய். தேயிலைக்கு அடியில் குப்புற விழுந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போட்டு, அசையாமல் கிடந்தாய். குளவி உன்னைத் தாண்டிப் போய்விட்டது, மதினி. நீ தப்பிவிட்டாய். புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண், படுக்கத் தெரியாமல் கத்திக்கொண்டு ஓடி மழைத்தண்ணிக் கானுக்குள் விழுந்தாள். அத்தனையும் அவள்மேல் திரும்பியது.

நீ எழுந்து ஓடினாய். இருந்த படங்கை அவள்மேல் போட்டு, அதற்குமேல் நீ விழுந்தாய். உன்மேல் போட ஒன்றும் இல்லை. சத்தம் அடங்கி ஆட்கள் வந்து உன்னைப் புரட்டியபோது முகத்தில் கண் இருந்த இடம் தெரியவில்லையாம். காதுக்குள், வாய்க்குள், தலைமயிருக்குள் குளவி. கொழுந்து லொறியில் போட்டுக் கொண்டு ஓடினார்கள். பசறை வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பெண் பிழைத்துவிட்டாள், வயிற்றில் இருக்கிறதும் நன்றாக இருக்கிறது.

சாவு வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தை. "பாவம், கை வேற ஏலாத புள்ள." "பாவம், படிக்க வேண்டியவ." "பாவம், வாக்கப்பட்ட எடம் அப்புடி." எனக்கு ஒவ்வொருத்தர் வாயிலும் மண்ணள்ளிப் போடவேண்டும் போல இருந்தது. அதற்குமேல் அண்ணன் வந்து அந்தப் பேச்சைப் பேசினான்.

இதோ, இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். அண்ணன் காம்பராவுக்குப் போய்விட்டு வந்துதான் மீதியை எழுதுகிறேன்.

கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தரையில் உட்கார்ந்திருந்தான். "நீ பேசாட்டிப் பரவால்ல, கேளு" என்று முன்னால் உட்கார்ந்தேன். அவனுக்குத் தெரியாத ஒன்றை, நீயும் நானும் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

எனக்கு ஆசிரியர் நியமனம் வந்த நாள். அண்ணன் வெளியே போயிருந்தான். நீ அடுப்படியில் கோழி வெட்டிக்கொண்டிருந்தாய். வேலையில் சேரப்போகிற சந்தோஷத்தில் இருந்த நான் உன் கோணல் கையைப் பார்த்தேன். "மதினி, அன்னைக்கி நான் வேற பக்கம் அடிச்சிருக்கலாம்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாய். எழுந்து வந்தாய். அந்தக் கோணல் கையால், கோழி ரத்தத்தோடு, காதோடு சேர்த்து விட்டாய் ஒரு அறை. நான் சுவரில் போய் மோதினேன்.

"அன்னைக்கி அந்த கிரவுண்டுல இருந்தவங்களுக்கெல்லாம் நான் யாருடி? கொஞ்ச நேரம் கொலகாரி. அப்பறம் அடிவாங்குன பாவம். நீ ஒருத்திதான் என்னைய கீப்பர்னு நெனச்சு அடிச்ச. இவ புடிச்சிருவாள்னு பயந்து அடிச்ச. எனக்குக் கெடச்சது அது ஒன்னுதான். படிச்சு உத்தியோகம் வந்ததும் அதையும் புடுங்கிட்டுப் போகப் பாக்குறியா?"

அவ்வளவுதான் பேசினாய். திரும்பிப் போய்க் கோழியை வெட்டினாய். அன்றைக்கு எனக்குத்தான் ஈரல் வைத்தாய்.

இதைச் சொல்லிவிட்டு அண்ணனிடம், "திரும்பவும் அந்தப் புள்ளியில என்னைய நிப்பாட்டுனாலும் அந்தப் பக்கந்தான் அடிப்பேன். அவ தோத்தாண்ணே. பாவமெல்லாம் இல்ல. இனி அவளப் பாவம்னு சொன்னீன்னா நீ எனக்கு அண்ணனே இல்ல" என்றேன்.

அவன் மெதுவாக, "நான் அடிச்சதப் பத்தி ஒன்கிட்ட ஏதும் சொன்னாளா?" என்று கேட்டான். இத்தனை நாள் என்மேல் போட்ட பழி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "ஒன்னைய அவ அன்னைக்கே திருப்பி அடிச்சிட்டா. அவளுக்கு அதோட முடிஞ்சுபோச்சு. நீதான் முடிக்காம வச்சிருக்க" என்றேன். உன்னை எடுத்த அன்றைக்குக்கூட அழாதவன், என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி அழுதான், மதினி. லயத்தில் எட்டிப் பார்த்தவர்களை நான் வைது விரட்டினேன்.

எனக்கு அழுகை வரவில்லை. நீ அறைந்த காது மட்டும் சூடாக இருக்கிறது. அது ஆறாமலே இருக்கட்டும்.